மாசாய் மாரா சஃபாரி: பேக்கேஜ்ல போட்டிருக்கிற "மாரா" எந்த மாரா?

2025-ல கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பத்தி ஒண்ணு மேல ஒண்ணா செய்தி வந்துச்சு. ஜூலைல தான்சானியாவோட வடக்கு செரங்கெட்டில, கோகடெண்டேன்ற இடத்துல டூரிஸ்டுங்க வண்டிய விட்டு இறங்கி ஆத்தங்கரைல வரிசையா நின்னு, ஆத்தைத் தாண்ட வந்த விலங்குக் கூட்டத்தோட வழிய மறிச்ச வீடியோ ஓடுச்சு. ஆகஸ்ட்ல கென்யாவோட மாசாய் மாராவுல ரிட்ஸ்-கார்ல்டன்ற சொகுசு ஹோட்டல் பேர்ல புதுசா திறந்த கேம்ப் மேல, அந்தப் பகுதில மாடு மேய்ச்சு வாழ்ற மாசாய் மக்களோட தலைவர் ஒருத்தர் கேஸ் போட்டாரு. இதுக்கு நடுவுல லீவுக்கு மாரா போகலாம்னு பேக்கேஜ் விசாரிச்சவங்களுக்கு, என்ட்ரி டிக்கெட்டே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர்னு பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு.

இந்த மூணும் தனித்தனி விஷயம் மாதிரி தெரியும், ஆனா மூணுக்கும் அடியில இருக்கிறது ஒரே கேள்விதான்: அந்த நிலம் யாரோடது, அங்க ரூல் போடுறது யாரு? இது புரியாம பேக்கேஜ் விலைய மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டா ஏன் ஒண்ணு ஒன்றரை லட்சம், இன்னொன்னு ஆறு லட்சம்னு கடைசி வரைக்கும் புரியாது.

நிலத்துல நாலு வகை

ஆப்பிரிக்கான்னா எல்லாம் ஒரே காடு, ஒரே ஜீப்னு நினைச்சுக்கிட்டா இங்கேயே குழம்பிடும். கிழக்கு ஆப்பிரிக்காவுல டூரிஸ்ட் போய் விலங்கு பார்க்கிற நிலம் கிட்டத்தட்ட நாலு வகை.

1. நேஷனல் பார்க். நாட்டு அரசோடது. கென்யாவுல கென்யா வைல்ட்லைஃப் சர்வீஸ் நடத்துது, சாவோ, நைரோபி, நகுரு ஏரி எல்லாம் இதுல வரும். தான்சானியாவுல இதுக்கு டானாபான்னு ஒரு அமைப்பு இருக்கு, 14,763 சதுர கிலோமீட்டர் இருக்கிற செரங்கெட்டி அவங்க கையில. உள்ளுக்குள்ள ஊர் கிடையாது, மாடு மேய்க்கக் கூடாது, வேட்டை சுத்தமா கிடையாது.

2. நேஷனல் ரிசர்வ். கென்யாவுல இது உள்ளூர் அரசு, அதாவது கவுன்ட்டி கையில இருக்கிற நிலம். மாசாய் மாரா இந்த வகை. சுமார் 1,510 சதுர கிலோமீட்டர், நாரோக் கவுன்ட்டியோடது. டிக்கெட் விலைய முடிவு பண்றதும், பணத்தை வாங்கிறதும், எந்த லாட்ஜ் எங்க வரலாம்னு சொல்றதும் நைரோபில இருக்கிற மத்திய அரசு இல்ல, நாரோக் கவுன்ட்டிதான். இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டா கீழ வர்ற பாதி சண்டை தானா புரிஞ்சிடும்.

3. கேம் ரிசர்வ். கேம்னா இங்க விளையாட்டு இல்ல, வேட்டை விலங்கு. நாட்டுக்கு நாடு இது வேற வேற. தான்சானியாவுல கேம் ரிசர்வ்னா ஊர் இருக்கக் கூடாது, மேய்ச்சல் கூடாது, ஆனா லைசென்ஸ் வாங்கிட்டு காசு கட்டி வேட்டையாடலாம். கென்யாவுல 1977-லயே வேட்டைக்கு முழுத் தடை வந்துடுச்சு, அதனால அங்க அப்படி ஒண்ணுக்கு வேலையே இல்ல. தென்னாப்பிரிக்காவுல பிரைவேட் கேம் ரிசர்வ்னா பெரும்பாலும் தனியார் நிலம், க்ரூகர் நேஷனல் பார்க் ஓரத்துல இருக்கிற சாபி சேண்ட் மாதிரி. அதுக்கும் க்ரூகருக்கும் நடுவுல இருந்த வேலிய 1993-ல எடுத்துட்டதால விலங்குக்கு அது ஒரே காடு, டூரிஸ்டுக்கு மட்டும்தான் ரெண்டு விலை.

4. கன்சர்வன்சி. மக்களோட பட்டா நிலம். கென்யாவுல மாராவைச் சுத்தி மாசாய் குடும்பங்க தங்களோட நிலத்தை ஒண்ணா சேர்த்து, சஃபாரி கேம்ப் கம்பெனிகளுக்கு குத்தகைக்கு விட்டு, அதுல விலங்குகளுக்கும் இடம் விட்டு வைக்கிற ஏற்பாடு. 2013-ல வந்த வனவிலங்குச் சட்டம்தான் இதுக்கு முறையான சட்ட அங்கீகாரம் கொடுத்துச்சு, ஆனா மாராவுல அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு.

மாராவுக்குள்ளயே மூணு துண்டு

பேக்கேஜ்ல "மாசாய் மாரா 3 நாள்"னு ஒரே வரி போட்டிருக்கும். ஆனா மேப்பை எடுத்து வச்சுப் பார்த்தா அது மூணு வேற இடமா இருக்கலாம்.

மாரா ஆத்துக்கு மேற்கால இருக்கிற துண்டுக்கு மாரா ட்ரையாங்கிள்னு பேரு, சுமார் 510 சதுர கிலோமீட்டர். இதுவும் ரிசர்வோட பகுதிதான், ஆனா 2001-ல இருந்து மாரா கன்சர்வன்சின்ற லாப நோக்கமில்லாத அமைப்புகிட்ட (பேர்ல கன்சர்வன்சின்னு இருந்தாலும் மேல சொன்ன நாலாவது வகை இல்ல) நிர்வாகத்தை ஒப்பந்தத்துல குடுத்திருக்காங்க. ரோடு பராமரிப்பு, ரேஞ்சர் ரோந்து, வண்டிக்காரனை புடிச்சு அபராதம் போடுறது எல்லாத்துலயும் இந்தப் பக்கம் கொஞ்சம் கறார்.

ஆத்துக்கு கிழக்கால இருக்கிற பெரிய துண்டு கவுன்ட்டியோட நேரடி நிர்வாகம். செகெனானி, தலெக், முசியாரா கேட்டுங்க இந்தப் பக்கம்தான். நைரோபில இருந்து ரோட்ல நாரோக் வழியா அஞ்சாறு மணி நேரம் மினிவேன்ல வர்றவங்க பெரும்பாலும் செகெனானி கேட்டுலதான் வந்து இறங்குவாங்க, குறைஞ்ச விலை கேம்ப் நிறைய இருக்கிறதும் கேட்டுக்கு வெளிய செகெனானி, தலெக் ஊர்ப் பக்கம்தான்.

மூணாவது, ரிசர்வுக்கு வடக்கயும் கிழக்கயும் ஒட்டி இருக்கிற கன்சர்வன்சிகள். மாரா நார்த், ஓலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ, ஓல் கின்யேய், லெமெக்னு பல பேர் இருக்கு. நடுவுல வேலி எதுவும் கிடையாது. சிங்கம் காலைல ரிசர்வ்ல இருக்கும், சாயந்திரம் ஒரு மாசாய் குடும்பத்தோட நிலத்துல படுத்திருக்கும்.

விலங்குக்கு இந்தக் கோடு தெரியாது, ஆனா டூரிஸ்டுக்கு எல்லாமே மாறுது. ரிசர்வுக்குள்ள ரோட்டை விட்டு வண்டி இறங்கக் கூடாது, இருட்டினதுக்கப்புறம் சுத்தக் கூடாது, நடந்து போகவும் முடியாது. கன்சர்வன்சில கைடு கூட இருந்தா இந்த மூணும் பண்ணலாம். அங்க கேம்ப்ல தங்குறவங்க வண்டி மட்டும்தான் உள்ள வரும், சில கன்சர்வன்சில ஒரு டென்ட்டுக்கு குறைஞ்சது 350 ஏக்கர் இருக்கணும்னு கணக்கே வச்சிருக்காங்க. கூட்டம் கம்மியா இருக்கிறது அதிர்ஷ்டத்தால இல்ல, இந்தக் கணக்காலதான், அதுக்குத்தான் அந்த விலை.

வில்டபீஸ்ட் எதுக்கு இந்தப் பக்கம் வருது

ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் மாராவுல விலை ஏறுறதுக்கு ஒரே காரணம் வில்டபீஸ்ட். பார்க்க மாடு மாதிரி, தாடியும் கொம்பும் வச்சுக்கிட்டு இருக்கும், ஆனா மான் வகையைச் சேர்ந்தது. இது வருஷா வருஷம் கூட்டம் கூட்டமா இடம் மாறிப் போகும். இந்த இடப்பெயர்ச்சி எதனால நடக்குதுன்றதைக் கொஞ்சம் விரிவாவே பார்க்கலாம், ஏன்னா டூர் கம்பெனிங்க இதை ஏதோ ஜூலை மாசம் கொடி அசைச்சுத் தொடங்கி வைக்கிற நிகழ்ச்சி மாதிரி விக்கிறாங்க.

செரங்கெட்டியோட தென்கிழக்குல மழை கம்மி, வருஷத்துக்கு சுமார் 500 மில்லிமீட்டர். வடமேற்குல, அதாவது மாரா பக்கம், 1,000-க்கு மேல. மழை கம்மியான தெற்குலதான் மண்ணு ஒசத்தி, ஏன்னா பக்கத்துல இருக்கிற எரிமலை மேட்டோட சாம்பல் அங்க படிஞ்சு கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் புல்லுல ஏறியிருக்கு, குட்டி போட்டு பால் குடுக்கிற தாய்க்கு அது வேணும். அதனால ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் மழை பெஞ்சு புல்லு இருக்கிற நேரத்துல தெற்குல குட்டி போடும். அப்புறம் அங்க தண்ணியும் புல்லும் காஞ்சதும் மேற்கயும் வடக்கயும் நகரும், ஜூலை ஆகஸ்ட் வாக்குல வருஷம் பூரா தண்ணி ஓடுற மாரா ஆத்துப் பக்கம் வந்து சேரும், நவம்பர்ல மழை திரும்பினா அதுவும் திரும்பும்.

இதுல கவனிக்க வேண்டியது, இது போய்ட்டு வர்ற ஒரே கோடு இல்ல. மேகம் எங்க கறுக்குதோ அந்தப் பக்கம் கூட்டம் திரும்பிடும். ஒரே கூட்டம் ஒரே வாரத்துல ஆத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல தடவை தாண்டும், பெரிய பகுதி தான்சானியா எல்லைய விட்டே வராம இருக்கவும் செய்யும், ஏன்னா மாரா ஆறு வடக்கு செரங்கெட்டி வழியாவும்தான் ஓடுது. "ஆகஸ்ட் 10-ம் தேதி கிராஸிங் கேரண்ட்டி"னு யாராவது எழுதியிருந்தா அந்த பேக்கேஜை மூடி வச்சுடலாம்.

எண்ணிக்கை விஷயமும் இருக்கு. 1890-கள்ல ரின்டர்பெஸ்ட்ன்ற மாட்டு நோய் ஆப்பிரிக்காவுக்குள்ள வந்து மாசாய் மக்களோட மாட்டையும் வில்டபீஸ்ட்டையும் சேர்த்து அழிச்சுச்சு, மாசாய் மக்கள் பஞ்சத்துல செத்தாங்க. 1950-கள்ல மாட்டுக்குத் தடுப்பூசி போட ஆரம்பிச்ச பிறகு காட்டு விலங்குக்கும் நோய் பரவறது நின்னுச்சு. 1960-களோட தொடக்கத்துல சுமார் இரண்டரை லட்சமா இருந்த வில்டபீஸ்ட், 1970-களோட கடைசில 13 லட்சத்தைத் தாண்டிடுச்சு. அதாவது ஆதி காலத்துல இருந்து அப்படியே நடக்குதுன்னு விளம்பரத்துல சொல்ற அந்தப் பிரம்மாண்டக் கூட்டம், மாட்டுக்கு ஊசி போட்டதால வந்த எண்ணிக்கை. ரொம்ப நாளா எல்லாரும் இந்த 13 லட்சத்தையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2025-ல சாட்டிலைட் படத்தை வச்சு எண்ணின ஒரு ஆய்வு 6 லட்சத்துக்கும் கீழதான் இருக்குன்னு சொல்லுது. உண்மையிலயே குறைஞ்சுதா, இல்ல பழைய கணக்கு முறையே தப்பான்னு விவாதம் போய்க்கிட்டு இருக்கு.

ஆத்துல சாகறதும் சும்மா இல்ல. 2001-ல இருந்து 2015 வரைக்கும் உள்ள பதிவை வச்சு பண்ணின ஆய்வுல, வருஷத்துக்கு சராசரியா 6,000-க்கு மேல வில்டபீஸ்ட் மாரா ஆத்துல மூழ்கிச் சாகுதுன்னு கணக்கு வந்துச்சு. முதலை தின்னது போக மிச்சம் மீனுக்கும் பிணந்தின்னிக் கழுகுக்கும் ஆத்துக்குமே உரமாப் போகுது. அதனால செத்து மிதக்கிறதைப் பார்த்துட்டு ஐயோன்னு பதற வேண்டியதில்ல. ஆனா கரையில வண்டி மறிச்சதால செங்குத்தான இடத்துல குதிச்சுச் சாகறது வேற கதை.

200 டாலர் கணக்கு

2024-ல நாரோக் கவுன்ட்டி டிக்கெட் விலைய ஏத்துச்சு. வெளிநாட்டு ஆளுக்கு ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் 200 டாலர். நம்ம காசுல சீசன் டிக்கெட் ஒண்ணு 17,000 ரூபாய்க்கு மேல. அதுக்கு முந்தி 70, 80 டாலர்னு இருந்தது.

விலைய விட எனக்குப் பெருசா தெரியறது நேரம். முன்னாடி டிக்கெட் 24 மணி நேரம் செல்லும். மதியம் 3 மணிக்கு உள்ள போனா மறுநாள் 3 மணி வரைக்கும் அதே டிக்கெட்தான். இப்ப காலைல 6 மணில இருந்து சாயந்திரம் 6 மணி வரைக்கும் மட்டும். இதோட விளைவு என்னன்னு பார்த்தாதான் புரியும். கேட்டுக்கு வெளிய இருக்கிற கேம்ப்ல ரெண்டு ராத்திரி தங்குற சாதாரண மூணு நாள் பேக்கேஜ் எடுத்துக்கலாம்:

1. முதல் நாள் மதியம் நைரோபில இருந்து களைச்சுப் போய் வந்து சேர்ந்து, 4 மணிக்கு ஒரு ரவுண்டு உள்ள போனா ரெண்டு மணி நேரத்துக்கு 200 டாலர்.
2. ரெண்டாம் நாள் முழுசா உள்ள, 200 டாலர். இது மட்டும்தான் காசுக்கு ஏத்தது.
3. மூணாம் நாள் காலைல கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு, மறுபடி 200 டாலர்.

ஆக ஒரு ஆளுக்கு 600 டாலர், நாலு பேர் குடும்பத்துல பெரியவங்க மட்டும் மூணு பேர்னு வச்சாலே 1,800 டாலர், இதுல ரூம், சாப்பாடு, வண்டி எதுவும் சேரல. ரிசர்வுக்கு உள்ளயே தங்கினாலும் கிளம்புற நாள் காலைல 10 மணிக்குள்ள வெளிய வந்துடணும், இல்லன்னா இன்னொரு நாள் டிக்கெட். முதல் நாள் சாயந்திர ரவுண்டை விட்டுட்டு, கேம்ப்லயே டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தா 200 டாலர் மிச்சம். பேக்கேஜ் போடுற ஆளுங்க இதை அவங்களா சொல்ல மாட்டாங்க, ஏன்னா "3 நாள் 3 கேம் ட்ரைவ்"னு, அதாவது மூணு ரவுண்டுனு எழுதினாதான் விக்கும்.

கன்சர்வன்சில தங்குறவங்களுக்கு தனி கட்டணம், அதுவும் ஒரு ராத்திரிக்கு 100 டாலருக்கு மேல போகும், ஆனா பெரும்பாலும் கேம்ப் விலைக்குள்ளயே சேர்த்திருப்பாங்க. அங்கேயே சுத்தினா ரிசர்வ் டிக்கெட் தேவை இல்ல. ரிசர்வுக்குள்ள போற அன்னைக்கு மட்டும் அந்த 200 தனியா. அதனால மேலோட்டமா விலை ஜாஸ்தி தெரிஞ்ச கன்சர்வன்சி கேம்ப், டிக்கெட்டெல்லாம் கூட்டிப் பார்த்தா அவ்வளவு தூரம் இருக்காது.

குத்தகைப் பணம் எப்படி ஓடுது

மாரா பக்கத்துல நிலம் முதல்ல குரூப் ராஞ்ச்னு ஊர்ப் பொதுவுல இருந்துச்சு, 1968-ல வந்த சட்டப்படி. அப்புறம் அதைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரிச்சு பட்டா போட்டாங்க. பட்டா கைக்கு வந்ததும் ஒவ்வொருத்தருக்கும் மூணு வழி: வேலி போட்டு மாடு வளர்க்கலாம், கோதுமைக்கு விடலாம், வித்துடலாம். மூணுமே விலங்குக்கு ஆகாது. வடகிழக்குல லோய்ட்டா சமவெளில இருந்து மாராவுக்கு வந்து போய்க்கிட்டு இருந்த இன்னொரு வில்டபீஸ்ட் கூட்டம் கோதுமை வயலாலயும் வேலியாலயும் கிட்டத்தட்ட கரைஞ்சே போச்சு. கென்யா முழுக்கவே 1977-ல இருந்து 2016 வரைக்கும் வனவிலங்கு எண்ணிக்கை மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சிருக்குன்னு விமானக் கணக்கெடுப்பு சொல்லுது.

இதுக்கு மாத்தா வந்ததுதான் கன்சர்வன்சி. 2005-ல ஓல் கின்யேய், 2006-ல ஓலாரே ஓரோக் (பின்னால ஓலாரே மோட்டோரோகி ஆனது), 2009-ல மாரா நார்த், அடுத்து நபோய்ஷோன்னு வரிசையா ஆரம்பிச்சுச்சு. நில உடமையாளர் வேலி போடாம, வீடு கட்டாம விட்டு வைக்கணும், கேம்ப் கம்பெனிங்க சேர்ந்து மாசா மாசம் ஏக்கர் கணக்குல குத்தகைய நேரா பேங்க் கணக்குல போடணும். டூரிஸ்ட் வந்தாலும் வரலன்னாலும் அந்தத் தொகை மாறாதுன்றதுதான் முக்கியம். முன்னாடி ரிசர்வ் டிக்கெட் காசு கவுன்ட்டி ஆபீசுக்குள்ள போனா ஊருக்கு எவ்வளவு திரும்பி வருதுன்னு யாருக்கும் தெரியாத நிலைமை, இதுல கையில வர்ற தொகை தெரியும்.

இதையும் முழுசா புனிதமாக்கிடக் கூடாது. பட்டா பெரும்பாலும் ஆம்பளைங்க பேர்லதான் இருக்கு, அதனால குத்தகையும் அவங்களுக்குத்தான். நிலம் இல்லாத மாசாய் குடும்பத்துக்கு ஒண்ணும் வராது, ஆனா மேய்ச்சல் நிலம் மட்டும் கைய விட்டுப் போகும். சுழற்சி முறைல மாடு மேய்க்க விடுறாங்கதான், ஆனா எந்த மாசம் எந்தப் பக்கம்னு சொல்றது கமிட்டி. 2020-ல கொரோனா வந்து ஒரு டூரிஸ்ட் கூட இல்லாம போனப்ப, மாறாதுன்னு சொன்ன தொகையே பல இடத்துல வெட்டுப்பட்டுச்சு, வெளிநாட்டு அமைப்புங்க கடன் குடுத்துத்தான் சிலது தப்பிச்சுச்சு. மாடு, டூரிஸ்ட்னு ரெண்டு கால்ல நின்ன குடும்பம் சமாளிச்சுச்சு, குத்தகைய மட்டுமே நம்பினவங்க மாட்டிக்கிட்டாங்க.

மாடு விஷயத்தை ஒதுக்கி வச்சுட்டு சிங்கத்தைப் பேச முடியாது. 2015 டிசம்பர்ல மார்ஷ் ப்ரைட்னு உலகம் பூரா தெரிஞ்ச சிங்கக் குடும்பத்துக்கு, மாட்டை அடிச்ச கோவத்துல செத்த மாட்டுல விஷம் வச்சுட்டாங்க, சில சிங்கங்க செத்துப் போச்சு. ரிசர்வுக்குள்ள ராத்திரில திருட்டுத்தனமா மாடு மேய்க்கிறது அன்னைக்கும் நடந்துச்சு, இன்னைக்கும் நடக்குது. மாடு செத்தா நஷ்டஈடுன்னு சட்டத்துல இருக்கு, கைக்கு வர்றதுக்கு வருஷக்கணக்காகும்.

கூட்டத்தால என்ன கெட்டுப் போகுது

ஒரு சிறுத்தை வேட்டைக்குக் கிளம்புதுன்னு ரேடியோல ஒரு டிரைவர் சொன்னா, கால் மணி நேரத்துல தேர்த் திருவிழா மாதிரி வண்டி சேர்ந்துடும். ரூல்ல அஞ்சு வண்டிக்கு மேல ஒரு விலங்குகிட்ட நிக்கக் கூடாது, மத்தவங்க காத்திருந்தா பத்து நிமிஷத்துல நகரணும், 25 மீட்டர் தள்ளி இருக்கணும்னு எல்லாம் இருக்கு. ரேஞ்சர் கண்ணுல படுற வரைக்கும் டிரைவருக்கு அதைப் பத்திக் கவலை இல்ல, ஏன்னா பின்னாடி உக்காந்திருக்கிறவங்க கிட்ட போனாத்தான் டிப்ஸ் தருவாங்க.

மாராவுல சீட்டாக்களை (சிவிங்கிப்புலி) வச்சு பண்ணி 2018-ல வெளிவந்த ஆய்வு இதுக்கு ஒரு நம்பர் குடுத்துச்சு. டூரிஸ்ட் வண்டி கம்மியா இருக்கிற பகுதில ஒரு தாய் ஒரு ஈத்துக்கு சராசரியா 2.3 குட்டியை வளர்த்து ஆளாக்குது, வண்டி நெரியற பகுதில 0.2. அதாவது அஞ்சு ஈத்துக்கு ஒரு குட்டி. வண்டி மோதி சாகறது இல்ல காரணம். வண்டிச் சத்தத்துல வேட்டை தப்பிப் போகலாம், வண்டிக் கூட்டத்தைப் பார்த்து கழுதைப்புலியும் சிங்கமும் குட்டி இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கலாம், தாய் பயந்து இடம் மாறிக்கிட்டே இருக்கலாம்னு சொல்றாங்க. படம் எடுக்க வர்றதே அந்தக் குட்டியத்தான், வர்றதாலயே குட்டி மிஞ்சறதில்ல.

ரிட்ஸ்-கார்ல்டன் கேஸ் எதைப் பத்தினது

2025 ஆகஸ்ட்ல மாரா ரிசர்வுக்குள்ள, செரங்கெட்டி எல்லை பக்கம் இருக்கிற சேண்ட் ஆத்தங்கரைல 20 டென்ட்டோட அந்த கேம்ப் திறந்துச்சு, ஒரு ராத்திரி 3,500 டாலர்ல இருந்து ஆரம்பம்னு செய்தி வந்துச்சு. மெய்தாமெய் ஓலோல் தபாஷ்ன்ற மாசாய் தலைவர் நாரோக் கோர்ட்ல கேஸ் போட்டாரு. மாராவுக்கும் செரங்கெட்டிக்கும் நடுவுல விலங்கு போய் வர்ற பாதைய அது மறிக்குது, ஒழுங்கா சுற்றுச்சூழல் ஆய்வு பண்ணல, மக்கள்கிட்ட கேக்கலன்றதுதான் அவரோட வாதம். கென்யா வைல்ட்லைஃப் சர்வீஸ் எதிர்ப்பக்கம் நின்னு, 1999-ல இருந்து 2022 வரைக்கும் எடுத்த கண்காணிப்பு டேட்டாபடி அந்த இடம் இடப்பெயர்ச்சிப் பாதைல வரலன்னு சொல்லுச்சு. டிசம்பர்ல அவரே கேஸை வாபஸ் வாங்கிட்டாரு, அதனால கோர்ட் யாரு சொன்னது சரின்னு தீர்ப்பு சொல்லவே இல்ல.

இதுல பாதைல வருதா வரலயான்றதை மட்டும் பேசினா பாதி விஷயம் விட்டுப் போகும். லைசென்ஸ் குடுக்கிறதும் கவுன்ட்டி, டிக்கெட் காசும் வருமானமும் போறதும் கவுன்ட்டிக்கு. ரூல் போடுறவனும் லாபம் பார்க்கிறவனும் ஒரே ஆளா இருக்கிற இடத்துல, ரிசர்வுக்குள்ள புது ரூம் வரக் கூடாதுன்னு நிர்வாகத் திட்டத்துல என்ன எழுதி வச்சாலும் அதுக்குக் காவல் யாருன்ற கேள்வி அப்படியே நிக்குது. கன்சர்வன்சில இத்தனை ஏக்கருக்கு ஒரு டென்ட்னு கணக்கு செல்லுபடியாகறது, நிலக்காரனும் கேம்ப்காரனும் வேற வேற ஆளா இருந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறதாலதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 2022 ஜூன்ல தான்சானியா அரசு, செரங்கெட்டியை ஒட்டின லோலியோண்டோல சுமார் 1,500 சதுர கிலோமீட்டரை கல் நட்டுப் பிரிச்சு, அதே வருஷக் கடைசிக்குள்ள கேம் ரிசர்வ் ஆக்குச்சு. மேல மூணாவது வகைல சொன்னதை இங்க வச்சுப் பாருங்க: மாசாய் மாடு உள்ள வரக் கூடாது, வேட்டைக்கு வர்ற வெளிநாட்டு ஆளுக்குத் தடை இல்ல. எதிர்த்தவங்களுக்கும் போலீசுக்கும் மோதலாகி ஒரு போலீஸ்காரர் செத்தாரு, நிறைய மாசாய் மக்கள் காயத்தோட கென்யாவுக்குள்ள ஓடி வந்தாங்க. 1959-ல செரங்கெட்டில இருந்து மாசாய் மக்களை வெளிய அனுப்பினப்ப பக்கத்துல நிலம் இருக்குன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

1. கேம்ப் எந்த நிலத்துல இருக்கு? ரிசர்வ் உள்ளயா, ட்ரையாங்கிள்லயா, கேட்டுக்கு வெளியவா, கன்சர்வன்சின்னா எது? "மாரா ஏரியா"ன்னு பதில் வந்தா வெளியன்னு அர்த்தம்.

2. பார்க் கட்டணம் விலைல சேர்ந்திருக்கா, எத்தனை நாளுக்கு? 12 மணி நேரக் கணக்குல போட்டிருக்காங்களா?

3. வண்டி எது? கூரை திறக்கிற லேண்ட் க்ரூஸரா, மினிவேனா, எத்தனை பேர் உக்காருவாங்க? மழைல மாரா கறுப்பு மண்ணுல மினிவேன் மாட்டிக்கிட்டா அன்னைக்கு சஃபாரி அவ்வளவுதான்.

4. எந்த மாசம்? கிராஸிங் பார்த்தே ஆகணும்னா சீசன் விலை குடுத்துத்தான் ஆகணும். இல்லன்னா ஜனவரி, பிப்ரவரில டிக்கெட் பாதி விலை, சிங்கம், சிறுத்தை, யானை எல்லாம் வருஷம் பூரா அங்கேயேதான் இருக்கு, கூட்டம் மட்டும்தான் இல்ல. நான் சொன்னா ரெண்டாவதுதான் சொல்லுவேன்.

இந்தியாவுல இருந்து போறவங்களுக்கு இன்னும் கொஞ்சம். கென்யாவுக்கு 2024-ல இருந்து விசாவுக்குப் பதிலா இடிஏன்னு ஆன்லைன் அனுமதி வாங்கணும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போறதுக்கு குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். அந்த மஞ்சள் அட்டை இல்லாம கென்யால இருந்து திரும்பினா இந்திய ஏர்போர்ட்ல தனிமைப்படுத்தி வச்சுடுவாங்க, ஆறு நாள் வரைக்கும், அதனால வீடு திரும்பி வர்றதுக்கே இது தேவை. நைரோபி வில்சன் ஏர்போர்ட்ல இருந்து சின்ன விமானத்துல மாரா போனா முக்கால் மணி நேரம்தான், ஆனா லக்கேஜ் 15 கிலோ, அதுவும் சக்கரம் வச்ச கெட்டிப் பெட்டி இல்லாம துணிப் பை. கென்யாவுல 2017-ல இருந்து பிளாஸ்டிக் கவருக்குத் தடை, 2020-ல இருந்து பாதுகாக்கப்பட்ட பகுதில ஒரு தடவை யூஸ் பண்ற பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தடை, அதனால முறுக்கு, புளியோதரைப் பொடி எல்லாம் கவர்ல கட்டாம டப்பால போட்டு எடுத்துட்டுப் போங்க.